மஞ்சள் கோட்டுக்கு ஒரு சீட்டு

ஜூன் 10, செவ்வாய்

ஸ்டீபனுக்கு வேலை மாறிவிட்டது. ஜூலை ஒண்ணாம் தேதியிலிருந்து வள்ளூர் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. விடிவதற்கு முன்னாலேயே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுமாம். சம்பளம் கூடுதல், பி.எஃப். உண்டு. எல்லாம் நல்ல சமாச்சாரம்தான். சாயந்திரம் கேக் வாங்கி வந்தார். நான் தின்றுகொண்டே கேட்டேன்: "அப்போ காலையில என்னை யாரு கொண்டுபோயி பஸ் ஏத்துறது?"

அவருக்குத் தொண்டையில் கேக் நின்றுவிட்டது. யோசிக்கவே இல்லை மனுஷன்!

எங்கள் வீடு பஜார் தெருவின் இந்தக் கோடி. கம்பெனி பஸ் நிற்கிறது அந்தக் கோடியில், ஜி.என்.டி. ரோட்டில். கல்யாணம் ஆன நாளிலிருந்து பைக்கில் பின்னால் உட்காரவைத்து அவர்தான் கொண்டுபோய் விடுகிறார். பஸ் ஏறிவிட்டேன் என்றால் அப்புறம் எனக்கு ஒருத்தரும் வேண்டாம். கும்மிடிப்பூண்டி சிப்காட், கம்பெனி கேட், டெலிபோன் போர்டு இருக்கிற என் ரூம் — எல்லாம் என் வெள்ளைக் குச்சிக்கு மனப்பாடம். நாள் முழுக்க யார் யாருக்கோ லைன் கொடுக்கிறேன். இந்த ஒரு தெருவைத்தான் தாண்ட முடியவில்லை.

அத்தை, அதாவது ஸ்டீபனோட அம்மா கிறிஸ்டினா, உடனே ஆரம்பித்துவிட்டார். "வேலைய வுட்டுடேன் சுகி. அதான் அவன் நல்லா சம்பாரிக்கப் போறானே."

என் வாயில் கேக் இருந்தது. தப்பித்தார்.

ஜூன் 11

வேலையை விட மாட்டேன். எழுதி வைக்கிறேன். நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்தால் போன் படித்துக் காட்டட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச் முடிந்து வரும்போது அத்தை சொல்கிறார்: "உனுக்குன்னுதானே மஞ்சக் கல்லு போட்டாங்க. அதுல போயேன் பாக்கலாம்."

குத்தலாகத்தான் சொன்னார். ஆனாலும் அது வாஸ்தவம்தான். பஜார் நடைபாதை முழுக்க இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மஞ்சள் கல் பதித்திருக்கிறது. கல்லின் மேல் நீளநீளமாக மேடு. குச்சியால் அந்த மேட்டைத் தடவிப் பிடித்துக்கொண்டே போகலாம். வெறும் புள்ளிப் புள்ளியாக வந்தால் நில்லு என்று அர்த்தம். இருபத்திரண்டு வயசு வரைக்கும் எனக்குப் பார்வை கொஞ்சம் மிச்சம் இருந்ததால் மஞ்சள் எப்படி இருக்கும் என்று ஞாபகம் இருக்கிறது. இந்தக் கல்லுக்காக எத்தனை மனு எழுதினேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் ஒரு கம்பெனிக்காரன் பணம் கொடுத்து, ஏப்ரலில் போட்டார்கள். திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். "நடந்து காட்டுங்க மேடம்" என்றார்கள். நடந்தேன். விழா மேடையை எங்கே போட்டிருந்தார்கள்? மஞ்சள் கல் மேலேயே! நெஞ்சு மேடையில் இடித்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

ஒத்திகை பார்த்தேன். ஸ்டீபன் பத்தடி பின்னால் வரணும், வாயே திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்து, தனியாக நடந்தேன்.

முதல் கொஞ்ச தூரம் சொகுசு. குச்சி சரசரவென்று மேட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது. எனக்குப் பாட்டே வந்துவிட்டது. அப்புறம் குச்சி மெத்தென்று எதிலோ இறங்கியது. கீரைக்கட்டு. அதைச் சுற்றி வந்தால் யாருடைய முதுகிலோ முட்டினேன். "லைன்ல வாம்மா! நாங்கல்லாம் எம்மா நேரமா நிக்கிறோம்!" ரேஷன் கடை க்யூ. மஞ்சள் கோடு க்யூவுக்காகப் போட்டது என்று நினைத்து அதன் மேலேயே வரிசையாக நிற்கிறார்கள். கடைக்காரரே "எல்லாரும் மஞ்சக் கோட்டு மேல நில்லுங்க" என்று கத்திக்கொண்டிருக்கிறார்! அட கர்த்தாவே.

"இது க்யூ இல்லீங்க, கண்ணு தெரியாதவங்க நடக்கிற பாதை" என்றேன். "சரிம்மா, நீ முன்னாடி போயி வாங்கிக்கோ, பாவம்" என்றார் ஒரு பெரியவர். எனக்கு அரிசி வேண்டாம். எனக்கு வழி வேண்டும்.

அதைத் தாண்டினால் தரைக்கடைகள். தக்காளி விற்கிற கன்னியம்மா என்ற அம்மாவிடம் ஸ்டீபன் கேட்டேவிட்டார், ஏம்மா கல்லு மேல கடை போட்டிருக்கீங்க என்று. அதற்கு அந்தம்மா: "கல்லு பதிச்சப்போ ஆபீசருங்க வந்து இன்னா சொன்னாங்க? கோட்டத் தாண்டி யாரும் கடை போடக் கூடாதுன்னாங்க. நாங்க எங்கப்பா தாண்டினோம்? கோட்டு மேலதானே கீறோம்!"

சிரிப்பதா அழுவதா? முன்னாடியாவது கோணலும் மாணலுமாக உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் புகுந்து போகலாம். இப்போது வரிசையாக உட்காருவதற்கு நானே மனு எழுதிக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

பெரியபாளையம் வழியாக ரெண்டு பஸ் மாறி கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தேன். ஸ்டீபன் லீவு போட்டு வந்தார்.

வாங்கினவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். பேச்சு முழுக்க ஸ்டீபனிடம். "அவங்களுக்கு எப்போலருந்து இப்படி? அவங்க என்ன வேலை பாக்குறாங்க?" நான் என்ன சூட்கேஸா? "சார், நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். "தெரியும்மா, தெரியும்மா. கல்லுதான் போட்டாச்சே, இன்னும் என்னம்மா?"

"கல்லு மேல கடை இருக்கு சார்."

"அது வேற செக்‌ஷன்மா."

ஜூன் 27, வெள்ளி

மெசேஜ் வந்தது. "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது." போன் அதை உணர்ச்சியே இல்லாத குரலில் படித்தது. சரியான குரல்தான்.

ஜூலை 1, செவ்வாய்

ஸ்டீபன் இருட்டிலேயே போய்விட்டார். போகும்போது "ஆட்டோ வச்சிக்கோ சுகி" என்றார். பஜார் கூட்டத்தில் காலையில் எந்த ஆட்டோ நுழையும்? தனியாகத்தான் கிளம்பினேன்.

விழுந்தேன். எழுதவே எரிச்சலாக இருக்கிறது. கீரையைத் தாண்டினேன், ரேஷன் கடை க்யூவை முட்டி மோதித் தாண்டினேன், ஒரு கூடையின் விளிம்பு குச்சிக்குத் தட்டுப்படவில்லை — அவ்வளவுதான், கன்னியம்மாவின் தக்காளிக் கூடையில் கையை ஊன்றிக் குப்புற விழுந்தேன். முழங்கை வரைக்கும் தக்காளி. முழங்கால் கல்லில் மோதித் தோல் போச்சு. அதே மஞ்சள் கல், மேடு மேடாக நல்லா கிழித்துவிட்டது.

நான் எழுந்திருக்கிறதுக்குள் சுத்தி நாலு குரல். "யாருமா இத்த தனியா வுட்டது?" "கூட யாரும் வரல?" "ஊட்ல ஆளு இல்லயா?" ஒருத்தராவது என்னைப் பார்த்துக் கேட்டால்தானே! எல்லாம் ஆகாசத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. கன்னியம்மா மட்டும்தான் நேராக என்னிடம் பேசினாள். "பாதி தக்காளி போச்சு பாப்பா, காலங்காத்தால பேஜாரு."

பஸ் டிரைவர் அண்ணன் காத்திருந்து ஏற்றிக்கொண்டார். நாள் முழுக்கப் புளித்த தக்காளி வாடையோடு எல்லாருக்கும் லைன் கொடுத்தேன்.

ஜூலை 2

முழங்கால் வீங்கியிருக்கிறது. அத்தை ஒண்ணும் சொல்லவில்லை, மஞ்சள் பத்து போட்டுவிட்டார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜூலை 4, வெள்ளி

என் மனுவுக்கு நடவடிக்கை எடுத்துவிட்டார்கள்.

காலையில் பாதி தெருவிலேயே கூச்சல் கேட்டது. லாரி ஒன்று வந்து தரைக்கடைகளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. கூடைகள் லாரிக்குள் விழுகிற சத்தம், தராசு இரும்பில் மோதுகிற சத்தம். "டேய், தராச குட்றா, உன் கால்ல வுழறேன்!" என்று கன்னியம்மா கத்துகிறாள். யாரோ ஒரு பையன் குரல்: "மேல கம்ப்ளெயின்ட் போயிருக்கும்மா, நாங்க இன்னா பண்றது?"

நான் கேட்டது இதையா? ஒரு குச்சி போகிற அளவுக்கு வழி. ரெண்டு சாண். ஒரு கூடையை இப்படிக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் போதும். அதற்கு ஒரு பொம்பளையோட பிழைப்பையே தூக்கி லாரியில் போடணுமா?

சரி, இன்றைக்காவது காலியான பாதையில் நடக்கலாம் என்று பார்த்தால் — லாரியை எங்கே நிறுத்தியிருந்தார்கள்? கேட்கணுமா?

ஜூலை 5, சனி

எல்லாரும் திரும்பி வந்தாச்சு. அதே இடம், அதே கோடு. நான் வருவதைப் பார்த்துவிட்டு கன்னியம்மாவே எழுந்து வந்தாள். அவள் வளையல் சத்தம் இப்போது எனக்குத் தெரியும்.

"மனு குடுத்தது நீதானே?"

"நான்தான். ஆனா உங்க தராச எடுக்கச் சொல்லிக் குடுக்கல."

"தராச மீட்டுக்கினு வர்றதுக்குள்ள எனுக்கு உயிரு போயிருச்சி. உனுக்கு நான் இன்னா துரோகம் பண்ணேன்?"

"நீங்க என் வழியில உக்காந்திருக்கீங்கம்மா!"

"யாரு வழி? நான் தெனம் சீட்டு போட்டு குந்திக்கினு கீறேன். நீ சீட்டு போட்டியா?"

இப்படி ஒரு கேள்வி எனக்கு. எனக்கு! வாய்க்குப் பேர்போனவளுக்கு!

இந்தச் சீட்டு விவகாரம் பஜாரில் எல்லாருக்கும் தெரியும். தரைக்கடை வசூலைக் குத்தகைக்கு எடுத்தவருடைய ஆள் சரவணகுமார், தினம் காலையில் ஒவ்வொரு கடையாக வந்து சீட்டு கிழித்துக் கொடுப்பான். சீட்டு போட்டுவிட்டால் அன்றைக்கு அந்த இடம் அவர்களுடையது. அவர்கள் டீ குடிக்கப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இன்னொருத்தர் அங்கே கால் வைக்க மாட்டார். அதற்காக வெட்டு குத்து வரைக்கும் போனதெல்லாம் உண்டு. ஆபீஸ் போர்டுக்கு ஒருத்தரும் பயப்படுவதில்லை. சீட்டுக்கு அத்தனை மரியாதை.

அதுக்காக? நடக்கிறதுக்கு நான் சீட்டு போடணுமா? போடி!

ஜூலை 8, செவ்வாய்

நேற்றும் இன்றைக்கும் அத்தை கூட வந்தார். என் கையைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்தார், திருடனைப் போலீஸ் பிடிக்கிற மாதிரி. வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "மருமவ. பார்வை இல்ல. நாந்தான் கொண்டும்போயி வுடறேன்" என்று ஒரு பிரசங்கம். நேற்று நெத்திலிக்குப் பேரம் பேச நின்றார், பஸ் போய்விட்டது. இன்றைக்குப் பழைய சிநேகிதி ஒருத்தி வந்துவிட்டாள், பஸ் போய்விட்டது.

ஹெச்.ஆர். மேடம் கூப்பிட்டார். "சுகிர்தா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா காலையில போர்டுல ஆள் இல்லன்னா எல்லா போன் காலும் விட்டுப்போகுது. இனிமே லேட்டானா மெமோதான். அதுக்கு மேல என் கையில இல்ல."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது. ராத்திரி ஸ்டீபன், "கொஞ்ச நாள் வீட்ல இருந்து பாரேன் சுகி" என்றார். பார்! எதைப் பார்க்கிறது?

வேலை போனால் எனக்குச் சம்பளம் மட்டும் போகாது. காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டுகிறேனே, அது போய்விடும். பயமாக இருக்கிறது. அழுகையாகவும் வருகிறது.

ஜூலை 12, சனி

செய்துவிட்டேன். அசிங்கமோ கேவலமோ, செய்துவிட்டேன்.

காலையில் சீட்டு கிழிக்கிற சத்தம் கேட்கிற பக்கமாகப் போய், "சரவணகுமார்தானே? எனக்கு ஒரு சீட்டு போடுப்பா" என்றேன்.

"இன்னாக்கா விக்கிறீங்க?"

"ஒண்ணும் விக்கல. நடக்கறேன்."

"நடக்கறதுக்கெல்லாம் சீட்டு இல்லக்கா."

"உக்கார்றதுக்கு உண்டு, நிக்கிறதுக்கு உண்டு, தள்ளுவண்டிக்கு உண்டு. நடக்கறதுக்கு மட்டும் ஏன் இல்ல? மஞ்சக் கோடு, ரெண்டு சாண் அகலம், இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும். எனக்கு. போடு."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் முதலாளிக்கு போன் போட்டான். "இல்லண்ணே... ஆமாண்ணே, கண்ணு தெரியாதவங்க... இல்லண்ணே, போதையெல்லாம் இல்ல, கம்பெனில வேல பாக்குறாங்க..." கடைசியில் முதலாளி, ஒரு கடைக் கணக்கில் மாசத்துக்குச் சேர்த்துப் போட்டுக்கோ, டப்பு வந்தா சரி என்றாராம். "பேரு?" "சுகிர்தா." "கடைன்ற எடத்துல இன்னா எழுத?" "கோடு." எழுதினான். கிழித்துக் கொடுத்தான். சின்னக் காகிதம், ஓரமெல்லாம் பிசிறு.

என் மனுவால், நம்ம ஊரில், எனக்காகவே போட்ட பாதை. அதற்கு வாடகை. நல்லா இருக்கு!

ஜூலை 14, திங்கள்

கன்னியம்மாவிடம் சீட்டை நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் விரலால் தடவி, குத்தகைக்காரருடைய ரப்பர் ஸ்டாம்ப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் போல.

"மெய்யாலுமே போட்டுட்டியா?"

"போட்டுட்டேன். ஒரு மாசத்துக்கு."

"முழு கோட்டுக்குமா?"

"முழுக்க."

"அப்போ பேச்சே இல்ல பாப்பா." கூடை இழுபடும் சத்தம். அப்புறம் அவள் தொண்டையைத் திறந்தாள் பாருங்கள்! "ஏ கீரை! ஏ வெங்காயம்! கோட்ட வுட்டு எறங்குங்கடி, அது கம்பெனி பாப்பா எடம், சீட்டு போட்டுக்கிது!" தெரு முழுக்கக் கூடைகள் நகர்ந்தன. ரேஷன் கடையில் நின்றவர்களைக்கூட விரட்டிவிட்டு வந்தாள். "நைனா, அடுத்தவன் எடத்துல நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

நடந்தேன். தனியாக. ஒரு கூடையும் தட்டவில்லை. பஸ்ஸுக்கு முன்னாலேயே போய் நின்றேன். டிரைவர் அண்ணன் "யாரும்மா கொண்டாந்து வுட்டது?" என்று கேட்டார். "நானே" என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஸ்டீபனோடு சண்டை. சீட்டைப் பார்த்துவிட்டார்.

"நடக்கறதுக்கு எவனாவது காசு குடுப்பானா? உரிமைன்னு மேடையில பேசினவ நீ!"

"பேசினேன். யாருக்குக் கேட்டுச்சி? சீட்டுன்னா கேக்குதே!"

"இது தப்பு சுகி."

தப்புதான். எனக்குத் தெரியாதா? தப்பைச் செய்துவிட்டு ஒரு வாரமாக ஒழுங்காக வேலைக்குப் போகிறேன். சரியானதைச் செய்துவிட்டுத் தக்காளியில் விழுந்து கிடந்தேன். இதில் எதை எடுத்துக்கச் சொல்கிறார்? கோபத்தில் பிரியாணியில் உப்பை ரெண்டு தடவை போட்டுவிட்டேன். அத்தை மட்டும், "டெய்லி காலையில நானு இஸ்துக்கினு ஓட வேணாம், அதுவரைக்கும் நல்லதுதான்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

நான் இப்போது பஜாரில் ஒரு பெரிய மனுஷி.

கூழ் ஊத்துகிறதுக்கு ஷாமியானா போட வந்த பையன்கள் கோட்டு மேல் கம்பு நட்டார்களாம். கன்னியம்மா பிடுங்கவைத்துவிட்டாள். "ஆத்தாவே வந்தாலும் சீட்டு போட்ட எடம் சீட்டு போட்ட எடந்தான்!" இன்றைக்கு ஒரு பூக்காரம்மா என்னை வழிமறித்து, ரொம்பப் பணிவாக: "யம்மா, வெள்ளிக்கெழம வரலட்சுமி நோன்பு. ரெண்டே நாளு உன் எடத்துல ஒரு ஓரமா பூ போட்டுக்கட்டுமா?" கேட்கிறாள்! என்னிடம்! ஏப்ரலிலிருந்து ஒருத்தராவது என்னைக் கேட்டார்களா?

"முடியாதும்மா" என்றேன். சொல்லும்போது எனக்கு வருத்தமே இல்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 12

அடுத்த மாசத்துக்கும் சீட்டு போட்டாச்சு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

போனில் எழுத்து எழுத்தாகத் தப்புத் தப்பாக விழுகிறது.

சாயந்திரம் திரும்பி வரும்போது கன்னியம்மா பெருமையாகக் கூப்பிட்டாள். "பாப்பா, உன் எடத்துல இன்னிக்கி மத்தியானம் ஒரு ஆளு பூந்துட்டாரு. நான் வுடுவனா?"

"யாரு?"

"மணவாளனாம் பேரு. வேப்பம்பட்டுலருந்து மவ ஊட்டுக்கு வந்துக்கிறாராம். உன்ன மாரியே வெள்ளக் குச்சி. உன்ன மாரியே டொக்கு டொக்குன்னு கோட்டு மேல வராரு."

"அவருக்கும் பார்வை இல்லையா?"

"இல்ல. பாவமாத்தான் இருந்துச்சி. ஆனா சீட்டு உன்னுதாச்சே? கையப் புடிச்சி, 'இது வேற ஒருத்தங்க எடம் நைனா, நீ அப்பிடிக்கா போ'ன்னு ரோட்ல எறக்கி வுட்டேன்."

ரோட்டில். கையைப் பிடித்து, மரியாதையாக, காலைக் கூட்டம் கலைந்ததும் ஷேர் ஆட்டோ பறக்கிற ரோட்டில்.

"ஒரு ஆட்டோ ஒரசிக்கினு போச்சி. ஒண்ணும் ஆவல. மனுஷன் கொஞ்சம் பயந்துட்டாரு, திரும்பிப் போய்ட்டாரு."

கத்திவிட்டேன். நடு பஜாரில், தொண்டை கிழிய. உனக்கு அறிவு இருக்கா, அவருக்கும்தானே அந்தப் பாதை, செத்துப்போயிருந்தா என்ன பண்ணுவே என்று. கன்னியம்மாவின் குரலே உடைந்துவிட்டது. "உனுக்காகத்தானே பாப்பா செஞ்சேன்!"

ஆமாம், எனக்காகத்தான். அவள் முறைப்படி அவள் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. வழியைக் கடையாக்கினது நான்தானே? பூக்காரம்மாவிடம் முடியாது என்று சொல்லி சந்தோஷப்பட்டது நான்தானே? ஸ்டீபன் தப்பு என்று சொன்னபோது கத்தினதும் நான்தான். இப்போது அவர் எதிரில் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார்.

அந்த மனுஷன் ரோட்டில் நின்று எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் இருந்திருப்பாரே. அது எப்படி இருக்கும் என்று இந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகஸ்ட் 20, புதன்

சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கொடுத்தால் நாளைக்குக் காலையில் கீரை, வெங்காயம், க்யூ எல்லாம் கோட்டு மேல். நான் வீட்டில். அவரும் வீட்டில். அதில் யாருக்கு லாபம்?

சரவணகுமாரைப் பிடித்தேன். "சீட்டுல பேர மாத்து."

"யாரு பேருக்குக்கா?"

"குச்சி."

"குச்சியா? ஆளு பேரு சொல்லுக்கா."

"ஆளு பேரு வேணாம். குச்சின்னு போடு. குச்சி யாரு கையில இருக்கோ அவங்களுக்கு எடம். உன் மொதலாளி கேட்டா என்னாண்ட அனுப்பு."

முனகிக்கொண்டே எழுதினான். அதைக் கொண்டுபோய் கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன், தரையில், சாக்கு மேல். நேற்று கத்தினதற்கு மன்னிச்சிடுங்கம்மா என்றேன். "வுடு வுடு" என்றாள், ஆனால் மூக்கை உறிஞ்சினாள். புது சீட்டைப் படித்துக் காட்டச் சொல்லி சரவணகுமாரையே கூப்பிட்டோம்.

"குச்சின்னா எந்தக் குச்சி? எங்க ஊட்டுக்காரரு கால் ஒடஞ்சி குச்சி வச்சிக்கினு நடக்கறாரு. அவுரு?"

"அவரும் நடக்கலாம்."

"நாலாவது தெருல ஒரு பொண்ணு, சக்கர நாற்காலில வருமே? அதுங்கையில குச்சி இல்லியே?"

"நாற்காலியும் குச்சிதான்."

"இன்னா பாப்பா நீ, ஒரு சீட்டுல ஊரையே கூட்டியாற!" என்று அலுத்துக்கொண்டாள். அப்புறம் எழுந்து நின்று, கீரைக்கும் வெங்காயத்துக்கும் புது சட்டத்தைக் கத்திச் சொன்னாள். மணவாளன் மகள் வீடு எது என்று விசாரித்து வைக்கிறேன் என்றும் சொன்னாள்.

ஆகஸ்ட் 29

ஸ்டீபன் அடுத்த மாசச் சீட்டுப் பணத்தை முன்கூட்டியே அவரே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். "தப்புதான், ஆனாலும் கட்டணும்" என்றார். இன்னொரு மனுவும் எழுத ஆரம்பித்திருக்கிறோம், இது ரெண்டு பேர் கையெழுத்தில். அது எந்த செக்‌ஷனுக்குப் போகுமோ!

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றைக்கு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

தக்காளிக் கடையைத் தாண்டி விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தேன். டக் என்று ஒரு சத்தம். என்ன என்று நினைப்பதற்குள் மண்டையோடு மண்டை இடித்தாச்சு. பொறி கலங்கிவிட்டது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல எனக்கு வாய் முந்திக்கொண்டது: "ஏங்க, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியலீங்களே" என்றது எதிரே ஒரு வயசான குரல், ரொம்ப நிதானமாக. "உங்களுக்கு?"

முதலில் கன்னியம்மா ஆரம்பித்தாள் சிரிக்க, கீரை சேர்ந்துகொண்டது, வெங்காயம் சேர்ந்துகொண்டது, ரேஷன் கடை க்யூ முழுக்கச் சிரிக்கிறது. நானும்தான்.

மணவாளன் ஐயா. மகள் வீட்டிலேயே தங்கிவிட்டாராம். தினம் காலையில் இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போய் டீ குடித்துவிட்டு வருகிறாராம். இன்றைக்கு லேட்டாக எழுந்ததால் என் நேரத்துக்கு வந்துவிட்டார்.

"நீங்க கொஞ்சம் ஒதுங்குங்க ஐயா, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"நான் ஏம்மா ஒதுங்கணும்? என் கையிலயும் குச்சி இருக்குதே."

ஜி.என்.டி. ரோட்டில் பஸ் ரெண்டு தடவை ஹாரன் அடித்தது. எனக்குக் கேட்டது. ஆனால் நான் ஒதுங்கவில்லை, அவரும் ஒதுங்கவில்லை. கன்னியம்மா வந்து ரெண்டு பேர் தோளையும் பிடித்து ஆளுக்கொரு பக்கமாகத் திருப்பிவிடுவதற்குள் பஸ் போய்விட்டது. கவரைப்பேட்டையிலிருந்து வந்த டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

ஹெச்.ஆர். மேடம் மெமோவுக்குக் காரணம் கேட்டார். டிராஃபிக் என்று சொன்னேன்.